எங்கள் வீடுதான் அந்தத் திட்டை

'எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை' என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். திருநெல்வேலியில் இருக்கிறவர்களுக்கு அது வானிலை அறிக்கை. மும்பை சயானில், பழைய கட்டடத்தின் முதல் மாடியில் குடியிருக்கும் எங்களுக்கு அது விருந்தாளி வருகிற அறிவிப்பு. ஏனென்றால் அந்தத் திட்டையே எங்கள் வீடுதான்.

மும்பைக்குப் பருவமழை வழக்கமாக வந்து சேர்வது ஜூன் 11-ஐ ஒட்டி. கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்கினால் எங்கள் காம்பவுண்டுக்குள்ளும் கணுக்கால் அளவு நிற்கும். மண்ணுக்குள் தண்ணீர் புகுந்தால் எறும்பு என்ன செய்யும்? பிள்ளைகுட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டைத் தேடும். வெள்ளையாக வாயில் கவ்விக்கொண்டு போகிறதே, அதை நாம் முட்டை என்கிறோம். பெரும்பாலும் அவை புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான். முட்டை அதைவிடப் பொடிசு. சுமந்துகொண்டு ஓடுகிற அத்தனையும் பெண் எறும்புகள். இந்தத் தகவலை வீட்டில் சொன்னேன். "இதுல என்ன அதிசயம்?" என்றாள் மனைவி, இரண்டு கையிலும் பாத்திரத்தோடு.

இந்த வருடம் அவை வந்த வழி, ஃப்ரிட்ஜுக்கு மேலே உள்ள ஸ்விட்ச் போர்டு. இடது பக்க ஸ்க்ரூ ஓட்டையில் வெளியே வந்து, பெயின்ட் உரிந்த விளிம்பை ஒட்டியே இறங்கி, அலமாரிக்குள் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த முந்திரிக்கொத்து டப்பாவில் போய் முடிந்தது வரிசை. முன்னால் போன எறும்பு சுவரில் வாசனையைத் தடவிக்கொண்டே போகும், பின்னால் வருகிறவை அதை மோப்பம் பிடித்தே வரும் என்று படித்திருக்கிறேன். சரி, பார்த்துவிடுவோம் என்று சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். எல்லாம் நின்று, உணர்கொம்பை ஆட்டி, திரும்பி, பின்னால் வந்தவற்றின் மேல் முட்டி, தாதர் ஸ்டேஷனில் கடைசி நிமிடத்தில் ப்ளாட்பாரம் மாற்றிச் சொன்ன மாதிரி தவித்தன. நடுவில் முந்திரிக்கொத்துத் துணுக்கோடு நின்றது ஒன்று. அது துணுக்கைக் கீழே வைக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு துணிச்சல்காரி ஈரம் காய்ந்த ஓரமாகக் கடந்தாள். அவ்வளவுதான், பழையபடி வரிசை.

அம்மாவிடம் வைத்தியம் நிறைய உண்டு. சீனி டப்பாவில் கிராம்பு, அலமாரி ஓரத்தில் வசம்புத் தூள், சுவரோரம் மஞ்சள் கோடு. கிராம்பும் வசம்பும் ஓரளவு வேலை செய்தன. மஞ்சள் கோட்டை எறும்புகள் சுற்றிக்கொண்டு போயின. சுவர் மட்டும் மங்களகரமாகிவிட்டது. ஆனால் விஷயம் அதில் இல்லை. இதே அம்மா காலையில் வாசலில் பச்சரிசி மாவில் கோலம் போட்டு, "நாலு எறும்பு தின்னுட்டுப் போட்டுமே" என்பாள். வாசற்படிக்கு அந்தப் பக்கம் புண்ணியம், இந்தப் பக்கம் கொலைவெறி. எதிர்வீட்டு குஜராத்தி மாசி (நம் ஊர்ச் சித்தி மாதிரி) ஜெயின் மதத்துக்காரர். படிக்கட்டுப் பக்கத்துத் தொட்டியடியில் தினமும் மாவும் சர்க்கரையும் கலந்து போடுவார். மழைக்காலத்தில் சின்ன உயிர்கள் தரையெல்லாம் பெருகும், மிதித்துவிடக் கூடாதென்று அவர்களுடைய துறவிகள் நான்கு மாதம் ஊர் விட்டு ஊர் போவதில்லை. இரண்டு பக்கமும் இப்படி உபசரித்தால் எறும்பு ஏன் வராது?

டோம்பிவிலியிலிருந்து மனைவியின் தம்பி வந்தார். அவருக்கு வைத்த காப்பியில் ஒரு எறும்பு மிதந்தது. "குடிய்யா, எறும்பு தின்னா கண்ணு நல்லாத் தெரியும்" என்றாள் அம்மா, அவருடைய சோடாபுட்டிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. கீழே கடைக்குப் போய் ஸ்ப்ரே வாங்கிவந்து, "ஒரே அடி அத்தான், சோலி முடிஞ்சுது" என்று போர்டைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார். சோலி முடிந்துதான் இருந்தது, கொஞ்ச நாளைக்கு. அப்புறம் பாத்ரூமில் ஒரு வரிசை, சாமி ஷெல்ஃபில் ஒன்று, என் லேப்டாப் கீபோர்டிலிருந்து இன்னொன்று.

வெளியே நடமாடுவது கூட்டத்தில் ஒரு பங்குதான். ராணி உள்ளே பத்திரமாக இருக்கும். வீட்டுக்குள் வருகிற சில பொடி எறும்பு வகைகளில் ஒரு கூட்டத்துக்கே பல ராணிகள் உண்டு. மேலே மருந்தடித்தால் அவை தனிக்குடித்தனம் போய்விடும்.

கடைசியில் கைகொடுத்தது போரிக் பவுடர். கேரம் போர்டில் தூவுவோமே, அது. சர்க்கரைத் தண்ணீரில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் போதும். கூடுதலாகப் போட்டால் குடித்த எறும்பு வழியிலேயே செத்துவிடும். அது கூட்டுக்குப் போய் மற்றவற்றுக்கு வாயோடு வாய் ஊட்டினால்தான் மருந்து ராணி வரை சேரும். பஞ்சில் நனைத்து மூடியில் வைத்து, குழந்தை கைக்கு எட்டாமல் ஃப்ரிட்ஜ் மேலே வைத்தேன். முதலில் கூட்டம் குறையாது, அதிகமாகும். அதைத் தொடவும் கூடாது.

அம்மா எட்டிப் பார்த்தாள். மூடியைச் சுற்றி வட்டமாக எறும்பு, தலை எல்லாம் உள்பக்கம். "ஏலே, எறும்புக்குச் சீனிப்பாகு காய்ச்சி வைக்கே. எனக்குக் காப்பில ஒரு கரண்டி போடச் சொன்னா சுகர்ங்கே!"

ஒரு வாரத்துக்கு மேல் இந்த ஏச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு வரிசை மெலிந்து, ஒரு நாள் காணாமலே போனது. மெயினை அணைத்துவிட்டு ஸ்க்ரூ ஓட்டையைச் சுவருக்குப் பூசும் புட்டி வைத்து அடைத்தேன்.

மறுநாள் படிக்கட்டில் மாசி பிடித்துக்கொண்டார். தொட்டியடியில் போட்ட மாவு அப்படியே கிடக்கிறதாம், எறும்பெல்லாம் எங்கே போயிற்று என்று கவலையோடு கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. மும்பையில் ஆளைக் காணோம் என்றால் வழக்கமாகச் சொல்கிற பதில்தான் வாயில் வந்தது. "சப் காவ் கயே ஹோங்கே, மாசி." எல்லாரும் ஊருக்குப் போயிருப்பாங்க என்று அர்த்தம்.

அவர் என்னையும், எங்கள் வீட்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். "ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துட்டுத்தானே போயிருக்காங்க?" என்று ஹிந்தியில் கேட்டார்.