காலி ஸ்லாட்டுக்கும் சேர்த்து

2004 அக்டோபரில் மைய அரசு வெளியிட்ட அகலக்கற்றைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட்டுக்குக் குறையாத, எப்போதும் இணைந்தே இருக்கும் இணைப்பையே அகலக்கற்றை என்று வரையறுத்தது. அதற்கடுத்த ஆண்டிலிருந்து பெங்களூரின் தொலைபேசி நிலையங்களில் டிஸ்லாம் கருவிகளை நிறுவும் குழுவில் பணிபுரிந்தேன். வீட்டுக்குள் ஏற்கெனவே வந்திருக்கும் இணைச் செம்புக் கம்பியில் பேச்சு 4 கிலோஹெர்ட்சுக்குள் அடங்கிவிடும். அதே கம்பியில் ஏறத்தாழ 26 கிலோஹெர்ட்சிலிருந்து 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள இடத்தில் ஏ.டி.எஸ்.எல். என்னும் அகலக்கற்றை முறை தரவைக் கொண்டுசெல்லும். வீட்டு முனையில் மோடம் செய்வதை, நிலைய முனையில் நூற்றுக்கணக்கான இணைப்புகளுக்கு ஒருசேரச் செய்வது டிஸ்லாம். ரேக்கில் பொருத்திய ஒரு ஷெல்ஃப், அதில் வரிசையாக ஸ்லாட்டுகள், கட்டுப்பாட்டுக்கு ஒரு கார்டு, சந்தாதாரர்களின் இணைப்புகளுக்குப் பல கார்டுகள், அடியில் மின்விசிறித் தட்டு என்பதே அதன் அமைப்பு. கார்டைச் செருகுவதும் அதற்கு எண்களைக் கொடுப்பதும்தான் எங்கள் வேலை என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அந்தக் கருவி எத்தனை ஆண்டு தொல்லையில்லாமல் ஓடும் என்பது பெரும்பாலும் அதற்கு முன்பே, மின்கம்பி இழுக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது என்பதை அந்த ஆண்டுகளில் கண்டுகொண்டேன்.

தொலைபேசி நிலையம் மைனஸ் 48 வோல்ட் நேர்மின்சாரத்தில் (டி.சி.) இயங்குவது. இரண்டு வோல்ட் ஈய அமில செல்கள் 24 தொடராக இணைந்திருக்கும். அவற்றின் நேர்முனை நிலத்தோடு சேர்க்கப்பட்டிருக்கும். ஈரமண்ணில் புதைந்த கேபிளில் கசிவு ஏற்பட்டால், நிலத்தைவிட நேர் அழுத்தத்தில் இருக்கும் செம்பு அரித்துக் கரையும், எதிர் அழுத்தத்தில் இருப்பது காப்பாற்றப்படும் என்பதால் முன்னோர் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். நகர மின்சாரம் இருக்கும்போது செல்லுக்கு 2.25 வோல்ட் வீதம் 54 வோல்ட் கிடைக்கும். மின்சாரம் போய் பேட்டரி இறங்க இறங்க, செல்லுக்கு 1.8 வோல்ட் என்ற நிலையில் அது 43.2 ஆகிவிடும். புதிதாக வந்த டிஸ்லாம் இந்தப் பழைய ஒழுங்குக்குள்தான் குடியேற வேண்டியிருந்தது.

அல்சூருக்கு அப்பால் இருந்த ஒரு நிலையத்தில், பேட்டரிகளும் அவற்றுக்கு மின்னேற்றும் கருவிகளும் அடங்கிய பவர் பிளான்ட்டைக் கவனித்துவந்தவர் தருமபுரிப் பக்கத்துக்காரர். அவருடைய தந்தை 1948-இல் தொடங்கிய ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிஃபோன் இண்டஸ்ட்ரீஸ்) தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து தூரவாணிநகரில் குடியேறியவர். ஆகவே தொலைபேசித் தொழில் அவருக்கு வீட்டிலேயே வந்தது. நாங்கள் கேபிள் அளவைக் கேட்டு அவரிடம் போனபோது, எத்தனை கார்டு வைக்கப்போகிறோம் என்று கேட்டார். இப்போதைக்கு நான்கு என்றேன். “தம்பி, இன்னிக்கு வெக்கிற கார்டுக்கு ஒயர் போடாதீங்க. காலியா இருக்கிற ஸ்லாட்டுக்கும் சேர்த்துப் போடுங்க” என்றார். “அண்ணே, மத்த ஸ்லாட்டெல்லாம் நிரம்ப ரெண்டு வருஷம் ஆகலாமே” என்றதற்கு, “ரெண்டு வருஷம் கழிச்சு வர்றவன் கார்டு மட்டும்தான் கொண்டுவருவான், ஒயர் கொண்டுவர மாட்டான்” என்று பதில் சொன்னார். பகுதி பகுதியாக வளரும் கருவிகளைப் பற்றி இதைவிடத் தெளிவான விதியை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

அவர் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எல்லா ஸ்லாட்டும் நிரம்பிய ஷெல்ஃப் 480 வாட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 54 வோல்ட்டில் அதற்கு 8.9 ஆம்பியர் போதும். ஆனால் கருவிக்குள் இருக்கும் மின்னழுத்த மாற்றி, வரும் அழுத்தம் எதுவானாலும் அதே வாட்டை உறிஞ்சுவது. ஆகவே பேட்டரி 43.2-க்கு இறங்கும்போது மின்னோட்டம் 11.1 ஆம்பியராக ஏறும். பேட்டரி களைத்துப்போகும் நேரத்தில்தான் கம்பியின் மீது பளு கூடுகிறது. பவர் பிளான்ட் தரைத்தளத்திலும் கருவி இரண்டாம் மாடியிலும் இருந்து, கேபிள் பாதை 35 மீட்டர் என்றால், போகவும் வரவும் 70 மீட்டர் செம்பு. 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அந்த மின்னோட்டத்துக்கு 2.2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே இழக்கிறோம்; 16 சதுர மில்லிமீட்டர் என்றால் இழப்பு ஒரு வோல்ட்டுக்குள் நின்றுவிடும். கருவி 40 வோல்ட்டை ஒட்டி அணைந்துவிடக்கூடியது என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், மெல்லிய கம்பி பேட்டரியின் கடைசிப் பங்கைத் தின்றுவிடுகிறது என்பது விளங்கும்.

இது ஏட்டுக்கணக்காக மட்டும் நின்றுவிடவில்லை. வேறொரு நிலையத்தில், கேபிள் இழுக்கும் ஒப்பந்தத்தை எடுத்திருந்தவர்கள் அன்றிருந்த கார்டுகளுக்கு மட்டும் கணக்கிட்டுக் கம்பி போட்டுப் போயிருந்தார்கள். முதல் ஆண்டில் எந்தப் புகாரும் இல்லை. கார்டுகள் கூடக்கூட, நீண்ட மின்வெட்டின்போது பேச்சு இணைப்புகள் நன்றாக இருக்க, அகலக்கற்றை மட்டும் முதலில் விழுந்தது. மின்சாரம் வந்ததும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பதால் மென்பொருளைச் சந்தேகித்தார்கள், கார்டுகளை மாற்றிப் பார்த்தார்கள். மின்வெட்டு நேரத்தில் பவர் பிளான்ட் முனையிலும் ஷெல்ஃப் முனையிலும் ஒரே சமயத்தில் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. அதோடு இன்னொரு குறையும் வெளிப்பட்டது. ஷெல்ஃபுக்கு இரண்டு மின்வழிகள் உண்டு. ஒன்று போனால் மற்றொன்று முழுப் பளுவையும் தாங்க வேண்டும். அங்கே இரண்டையும் ஒரே பிரேக்கரிலிருந்து எடுத்திருந்தார்கள். படத்தில் இரண்டு கோடுகள் இருந்தன, பாதுகாப்பு இல்லை. இத்தகைய சிக்கனத்தை இன்றளவும் என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே மிச்சமான செம்பின் விலையைவிட, வேலை நடுவே இணைப்பை இழந்தவர்களின் நேரம் பெரிது.

குழி தோண்டிக் கருவிகளை மண்ணோடு சேர்க்கும் நில இணைப்பு (எர்த்) பெங்களூரில் தனிப் பாடு. இந்நகரம் பழம்பாறையின் மீது அமர்ந்திருக்கிறது. லால்பாக்கில் குன்றாக வெளியே தெரியும் அந்த நைஸ் பாறை, ஊரின் பல இடங்களில் சில அடி மண்ணுக்குக் கீழேயே இருக்கிறது. பாறை மின்சாரத்தை எளிதில் வாங்காது. ஒரு குழியில் கிடைக்க வேண்டிய குறைந்த மின்தடைக்கு இங்கே பல குழிகளைத் தோண்டி, அவற்றைப் பட்டைக் கம்பியால் இணைத்து, கோடையில் தண்ணீரும் ஊற்ற வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் எடுத்த அளவை நம்பிக் கையெழுத்து வாங்குவது முறையல்ல என்று எங்கள் குழுவில் வலியுறுத்திவந்தேன். ஏப்ரலில் எடுக்கும் அளவே உண்மையைச் சொல்லும். கோடைமழையோடு வரும் இடி, மேல்நிலைக் கம்பிகளின் வழியாக இறங்கி முதலில் தேடுவது இந்தக் குழிகளைத்தான். அவை சரியில்லாத இடத்தில் அது கார்டுகளின் வழியே பாதை கண்டுகொள்ளும்.

மின்சாரம் கொடுக்கும் நாளில் வரிசை மாறக் கூடாது. முதலில் நிலக்கம்பி, பிறகு பேட்டரியின் நேர்முனைக்குப் போகும் ரிட்டர்ன் கம்பி, கடைசியில் மைனஸ். ஷெல்ஃப் காலியாக இருக்கும்போதே பிரேக்கரைப் போட்டு, மீட்டரின் கறுப்பு முனையை ரிட்டர்னிலும் சிவப்பு முனையை மைனஸ் கம்பியிலும் வைத்து, எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மின்விசிறித் தட்டு, கட்டுப்பாட்டுக் கார்டு, அதன்பின் ஒவ்வொன்றாக இணைப்புக் கார்டுகள். எல்லாவற்றையும் செருகிவிட்டு ஒரேயடியாகப் பிரேக்கரைப் போட்டால், உள்ளிருக்கும் மின்தேக்கிகள் ஒரே நேரத்தில் நிரம்ப முயன்று அதை விழச்செய்யலாம். ஒவ்வொரு கார்டுக்கும் மின்னோட்டம் எவ்வளவு ஏறுகிறது என்பதை நேர்மின்சாரம் காட்டும் கிளாம்ப் மீட்டரில் படித்துப் பதிவேட்டில் எழுதிவைப்போம். காலி ஸ்லாட்டுகளை மூடுதகட்டால் அடைக்காமல் போவதை நான் அனுமதித்ததில்லை. திறந்த இடத்தின் வழியே காற்று தப்பிவிட்டால் பக்கத்துக் கார்டு சூடேறும். பெங்களூரின் குளிர்ந்த காற்றை நம்பி ஏ.சி.யை நிறுத்திவிடும் வழக்கம் சில இடங்களில் இருந்தது. வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் ரேக்கின் உள்ளே அது எட்டாது.

வெளியிலிருந்து வரும் சந்தாதாரர் கம்பிகளை நிலையக் கருவிகளோடு இணைக்கும் சட்டகமான எம்.டி.எஃப்.-இல் வேலையை இரவில் செய்வோம். ஒவ்வொரு சந்தாதாரரின் ஜம்பரையும் (இணைப்புக் கம்பி) எடுத்து, பேச்சையும் தரவையும் பிரிக்கும் ஸ்பிளிட்டர் வழியாகத் திருப்பும் சில நிமிடங்கள் அவருடைய தொலைபேசி நின்றுவிடும் என்பதே காரணம். அது பொறுமை கேட்கும் வேலை. அதில் தேர்ந்தவர்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள்.

இன்று செம்பு இணைப்புகள் குறைந்து, அதே அறைகளில் ஒளியிழைக்கான ஓ.எல்.டி. கருவிகள் வந்துவிட்டன. அவையும் மைனஸ் 48 வோல்ட்டில், அதே போன்ற ஸ்லாட்டுகளோடுதான் வருகின்றன. தடித்த கம்பி போட்டிருந்த இடங்களில் அந்தக் கம்பியே அவற்றுக்கும் போதுமானதாக இருந்தது. மாறியது வீட்டு முனை. செம்புக் கம்பி தொலைபேசிக்குத் தேவையான மின்சாரத்தையும் நிலையத்திலிருந்தே கொண்டுவந்தது. கண்ணாடி இழை வெளிச்சத்தை மட்டும் கொண்டுவருகிறது. மின்வெட்டில் தரைவழித் தொலைபேசியும் ஏன் நின்றுவிடுகிறது என்று ஒயிட்ஃபீல்டு அடுக்ககங்களில் இருக்கும் தமிழ் நண்பர்கள் என்னிடம் கேட்கிறார்கள். இழைப் பெட்டிக்கு ஒரு சிறு 12 வோல்ட் பேட்டரி போதும் என்று சொல்வதற்கு முன், பிறகு வைஃபை ரூட்டரையும் வாசல் கேமராவையும் அதிலேயே சேர்ப்பீர்களா என்று கேட்கிறேன். ஆம் என்றால், அவற்றின் அடியில் அச்சிட்டிருக்கும் வாட்டையும் கூட்டிய பிறகே பேட்டரியின் அளவைச் சொல்கிறேன்.