எந்தக் கியர், தம்பி?

கடந்த ஒரு வருடமாக எங்கள் வேன் தெருவுக்குள் நுழைந்தாலே, கொசுமருந்து வண்டி வந்துவிட்டது என்று எதிர்வீட்டுத் தலைமையாசிரியர் ஜன்னல்களைச் சாத்திவிடுவார். அவ்வளவு புகை. வண்டியைக் குறை சொல்ல முடியாது. ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல், சித்திரை வெயிலில் திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் வரை மிதித்துக்கொண்டு போனவன் நான்தான். அன்று சூடேறிய எஞ்சின், அதன்பிறகு பெட்ரோலுக்கு இணையாக ஆயிலையும் குடிக்கத் தொடங்கியது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வாசல் போர்டிகோவை விட்டு நகரமாட்டேன் என்று நின்றுவிட்டது.

வேன் என்றால் ஆம்னி. 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னியாகி, 2019-இல் உற்பத்தி நின்றுபோனது. 796 சிசி, மூன்று சிலிண்டர். விற்றுவிடலாம் என்றால் அம்மா சம்மதிக்கவில்லை. என் தங்கையின் சீர்வரிசை போனது அதில்தான். அவளை முதல் பிரசவத்துக்கு அழைத்து வந்ததும் அதில்தான். ஆகவே சென்னை புதுப்பேட்டையிலிருந்து ஒரு பழைய எஞ்சின் பார்சலில் வந்து இறங்கியது. எஞ்சின் எண் மாறுவதை ஆர்.சி.யில் பதிய வேண்டும், ரசீது பத்திரம் என்று மெக்கானிக் சொன்னார். அந்த ரசீது இப்போது அம்மாவின் நகைப்பெட்டியில் இருக்கிறது.

மெக்கானிக் பட்டறையில் இடமில்லை. ஏற்கெனவே மூன்று வண்டிகள் வயிறு கிழிந்து கிடந்தன. "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து மாற்றித் தருகிறேன். நான் வரும்வரை யாரும் எதையும் தொடாதீர்கள்" என்றார். என் மைத்துனன் காதில் முதல் வாக்கியம் மட்டும் விழுந்தது.

ஆம்னியின் எஞ்சின் மூக்கில் இல்லை. முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. மே மாதத்தில் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை, உட்கார்ந்த இடமே சொல்லிவிடும். சீட்டைத் தூக்கினால் எஞ்சின் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அந்த வழியாக வெளியே வராது. கீழேதான் இறக்க வேண்டும். அதாவது வண்டியிலிருந்து எஞ்சினை எடுப்பதைவிட, எஞ்சினிலிருந்து வண்டியை எடுப்பதுதான் இங்கே வேலை. வண்டி போதுமான உயரத்தில் நிற்காவிட்டால், கழற்றிய எஞ்சின் அடியிலேயே சிறைப்பட்டுவிடும்.

சனிக்கிழமை மாலையே ஆலோசனைக் கூட்டம் கூடிவிட்டது. வேப்பமரத்தில் செயின் பிளாக்கைக் கட்டித் தூக்கிவிடலாம் என்றார் தலைமையாசிரியர். எங்கள் வீட்டில் வேப்பமரமே இல்லை, இருப்பது முருங்கை. ஒரு பெரிய காக்கை உட்கார்ந்தால் ஒடிகிற கிளையை எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் இருந்தோம். மைத்துனன் கைப்பேசியில் நான்கு வீடியோ பார்த்துத் தேர்ந்திருந்தான். சுற்றுச்சுவர் கட்டியபோது மிஞ்சிய ஹாலோ பிளாக் கற்களைக் கொண்டுவந்து அடுக்கினான். "ஜாக்கியில் தூக்குகிறோம், கல்லை வைக்கிறோம், முடிந்தது, அத்தான்."

போர்டிகோவில் நின்றபடி தூக்கினால் தரை ஓடு உடைந்துவிடும் என்று அம்மா சொன்னதால், வண்டியைத் தோட்டத்து மண்ணுக்குத் தள்ளினோம். இரண்டு நாள் முன்புதான் மழை பெய்திருந்தது. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் நெல்லுக்கு நல்லதுதான், ஜாக்கிக்கு அல்ல. மைத்துனன் ஜாக்கியின் கைப்பிடியை அடிக்க அடிக்க, ஜாக்கி நீண்டுகொண்டே போனது, வண்டி மட்டும் அசையவில்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் கவனித்தேன், ஜாக்கி கணுக்கால் அளவு மண்ணுக்குள் போயிருந்தது. "தூக்கு, தூக்கு" என்று நான் வேறு உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தேன். அதைத் தோண்டி எடுக்க மண்வெட்டி தேவைப்பட்டது. அத்தனை பேரும் சேர்ந்து வண்டியைத் திரும்பவும் போர்டிகோவுக்கே தள்ளினோம். ஓடு போனால் போகிறது என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை மெக்கானிக் வந்தார். ஹாலோ பிளாக் அடுக்கைப் பார்த்தார். பேசாமல் ஒரு கல்லை எடுத்துத் தரையில் வைத்து, ஓரத்தில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். கல் மூன்றாகப் பிளந்தது. சுவருக்குள் பரவலாகச் சுமக்கிற கல், ஓர் இடத்தில் மட்டும் பாரம் விழுந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் உடைந்துவிடுமாம். "இதன் கீழே படுக்கப் போவது நான்" என்று மட்டும் சொன்னார். மைத்துனன் மற்றக் கற்களைத் தானே தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் வைத்துவிட்டான்.

அடுத்த சந்தேகம் வண்டி உருளுவது பற்றி. முன்பக்கத்தைத் தூக்கப் போகிறோம், பின் சக்கரங்கள் தரையில் இருக்கும். எங்கள் வேனின் கைப்பிரேக் வெகுகாலமாக ஓர் அலங்காரப் பொருள். "கியரில் போட்டுவிட்டால் போதும், அண்ணே" என்றான் மைத்துனன்.

மெக்கானிக் அவனைக் கனிவோடு பார்த்தார். "எஞ்சினோடு கியர்பாக்ஸையும் கழற்றி இறக்கப் போகிறோம். எந்தக் கியர், தம்பி?"

அந்த நேரத்தில்தான் சைக்கிளின் பின்னால் ஒரு சாக்கோடு பெரியப்பா வந்து இறங்கினார். பெரியப்பா இருபது வருடம் திருவாரூர் ஆழித்தேருக்கு முட்டுக்கட்டை போட்டவர். 96 அடி உயரம், 300 டன் எடை என்று சொல்லப்படுகிற தேர். திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் அதற்கு முட்டுக்கட்டை இல்லாமல் முடியாது. சாக்கிலிருந்து நான்கு புளியங்கட்டைகள் வெளியே வந்தன. தேர்க்கட்டையின் வாகிலேயே சிறிதாக வீட்டில் செதுக்கி வைத்திருந்தவை. ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அவர் குனிந்து கட்டையைச் சொருகிய விதத்தைப் பார்த்து மெக்கானிக்கே கொஞ்சம் தள்ளி நின்றார்.

அதன்பிறகு நடந்தது நிதானமான வேலை. பாட்டரி இணைப்பைப் பிடுங்கினார். ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை. ஜாக்கியின் தலை சேசிஸ் சட்டத்தில்தான் பட வேண்டும். மைத்துனன் காட்டிய இடம் துருப்பிடித்த தரைத்தகடு, அங்கே வைத்திருந்தால் ஜாக்கி நேரே சீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கி, இரும்பு ஸ்டாண்டை வைத்து, பல்லில் பூட்டி, பிறகு மறுபக்கம். இப்படி மாற்றி மாற்றி ஏற்றினார். ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தானாம்; உள்ளே ஒரு சீல் கசிந்தாலும் இறங்கிவிடும், அதை நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாதாம். எல்லாம் முடிந்ததும், படுப்பதற்கு முன் வண்டியின் தோளைப் பிடித்து நாங்கள் நான்கு பேரும் உலுக்கினோம். அசையவில்லை. பெரியப்பா தனியாக இன்னொரு முறை உலுக்கினார். அவருக்கு எங்கள் உலுக்கலில் நம்பிக்கையில்லை.

பெட்ரோல் குழாயைக் கழற்றும் நேரத்தில் பக்கத்துவீட்டுக்காரர் பீடியோடு வேடிக்கை பார்க்க வந்தார். அம்மா போட்ட சத்தத்தில் பீடி தானாகவே அணைந்திருக்கும்.

பழைய எஞ்சின் ஒரு டயரின் மேல் வந்து உட்கார்ந்தது. சாக்கில் வைத்து இழுத்தோம். பம்பரைக் கழற்றியிருந்ததால் ஒரு விரற்கடை இடைவெளியில் வெளியே வந்தது. அம்மா உடனே அதற்குத் திருஷ்டி கழித்தார். போகிற எஞ்சினுக்கு எதற்கு என்று கேட்டேன்; பதினைந்து வருடம் உழைத்திருக்கிறது, சும்மா அனுப்புவதா என்றார். புதியது ஏறுவதற்குள் சாப்பாடு இரண்டு முறை சூடாக்கப்பட்டது. கடைசி நட்டை முறுக்கும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. புகை இல்லை. தலைமையாசிரியர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினோம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம், மெக்கானிக் ரிவர்ஸ் போட்டு கிளட்சை விட்டார். வேன் ஒரு முறை விக்கி நின்றது. மறுபடி. மறுபடியும் விக்கல். இன்னும் கொஞ்சம் ஆக்சிலரேட்டரை மிதித்தார். எஞ்சின் முனகியது, எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது.

"கிளட்ச் பிளேட்" என்றான் மைத்துனன். "கியர்பாக்ஸ்" என்றார் பக்கத்துவீட்டுக்காரர். பார்சலில் ஏமாற்றிவிட்டார்கள் என்று தலைமையாசிரியர் ஜன்னலிலிருந்தே முடிவு செய்துவிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. திரும்பவும் தூக்க வேண்டுமா என்று மெக்கானிக் தன் முதுகைத் தடவிக்கொண்டார்.

பெரியப்பா திண்ணையில் காபியை வைத்துவிட்டுச் சாக்கை மடித்துக்கொண்டிருந்தார். உள்ளே கைவிட்டு எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார்.

"என் கட்டை ஒன்று குறைகிறதே."

மெக்கானிக் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, பின் சக்கரத்தருகே குனிந்தார். மைத்துனன் மட்டும் இன்னும் கிளட்ச் பிளேட் விலையைத் தேடிக்கொண்டிருந்தான்.