என் பக்கம் வந்த ஷட்டில்

பத்து வருஷமாக பேட்மிண்டன் ஆடுகிறேன். களத்தில் இறங்கிவிட்டால் ஆண் என்ன பெண் என்ன, திறமைக்குத்தான் மரியாதை என்று நானும் பேசித் திரிந்தவன்தான். ஒருநாள் கலப்பு இரட்டையரில் என்னோடு ஜோடி சேர்ந்த பெண் பாதி ஆட்டத்தில் மட்டையை இறக்கிவிட்டுக் கேட்டார்: "என் பக்கம் வர்ற ஷட்டிலை எல்லாம் நீங்க ஏன் எடுக்கிறீங்க?" உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, நடுவில் வந்தது, அவர் கைக்கு நேராக வந்தது என்று எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்து பாய்ந்திருக்கிறேன். இத்தனைக்கும் நெட் பக்கத்தில் அவர் ஆட்டம் என்னுடையதைவிடச் சுத்தம். பாதிப் புள்ளிகள் போனதே என் பாய்ச்சலால்தான்.

யோசித்துப் பார்த்தால், அதுவரை அந்தப் பத்து வருஷமும் ஆண்களோடு மட்டுமே ஆடியிருக்கிறேன். அங்கே பெண்களைப் பற்றி நான் கேட்ட ஒரே பாடம், "பொம்பள மாதிரி அடிக்காதடா." கோச் சொன்னார், சீனியர்கள் சொன்னார்கள், என் முறை வந்தபோது நானும் சின்னப் பையன்களிடம் சொன்னேன்.

பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத 1967 பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் ஸ்விட்சர் என்ற பெண் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் எண்ணைப் பிய்த்தெறியப் பாய்ந்த அதிகாரி ஜாக் செம்பிள், தானே மாரத்தான் ஓடியவர். செம்பிளை மோதித் தள்ளிவிட்ட ஸ்விட்சரின் காதலர், சங்கிலிக் குண்டு எறியும் வீரர். இரண்டு பேருமே விளையாட்டில் ஊறியவர்கள்தான். அதனால் விளையாடினால் பெண்கள் விஷயத்தில் ஆண்கள் திருந்திவிடுவார்கள் என்பதையும், விளையாட்டுதான் திமிரை வளர்க்கிறது என்பதையும் நான் இப்போது நம்புவதில்லை. யாரோடு ஆடுகிறோம், யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டென்னிஸ் வீரர் ஆண்டி மரே சின்ன வயதில் டென்னிஸ் கற்றதே அம்மாவிடம். 2014இல் முன்னாள் வீராங்கனை அமெலி மோரெஸ்மோவைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார். தோற்றபோதெல்லாம் பழி மோரெஸ்மோ தலையில் விழுந்தது, மரே விட்டுக்கொடுக்கவில்லை. 2017 விம்பிள்டன் காலிறுதியில் சாம் குவெரியிடம் தோற்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார், 2009க்குப் பிறகு கிராண்ட்ஸ்லாம் அரையிறுதிக்குப் போகும் முதல் அமெரிக்க வீரர் குவெரி என்று கேள்வியை ஆரம்பிக்கிறார் ஒரு நிருபர். மரே குறுக்கிட்டு, "ஆண் வீரர்" என்கிறார், அவ்வளவுதான். நடுவில் அமெரிக்க வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் எத்தனை பட்டம் வாங்கியிருந்தார்!

அமெரிக்காவின் சாக்ரமென்டோவில் 16 பள்ளிகளில் கோச்சுகளை வைத்தே பையன்களிடம் பெண்களை மதிப்பதைப் பற்றி வாராவாரம் சில நிமிஷம் பேசவைத்துப் பார்த்தார்கள். 2012இல் முடிவு வந்தது. தப்பாக நடக்கும் நண்பனைத் தடுக்கும் பழக்கம் கூடியிருந்தது, பெண்களைப் பற்றிய எண்ணம் மட்டும் பெரிதாக அசையவில்லை. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

அடுத்த வாரம் ஆடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு என் இடத்திலேயே நின்றேன். முதல் ஷட்டில் சரியாக நடுவில் வந்தது. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார், அது இரண்டு பேருக்கும் நடுவில் பொத்தென்று விழுந்தது.