அம்மாவின் கொலஸ்ட்ரோலும் தேங்காய்ச் சம்பலும்

அம்மாவுக்கு மொத்தக் கொலஸ்ட்ரோல் 318 என்று ரிப்போர்ட் வந்த அன்றே தோட்டத்து லயம் முழுக்கப் பேச்சு. "தேங்காயைக் குறைங்க அக்கா" என்று ஆளாளுக்குச் சொல்ல, ரொட்டிக்குச் சம்பல் நின்றது, பருப்புக்குத் தேங்காய்ப்பால் நின்றது. ஏற்கெனவே மெலிந்துபோன மனுஷி. எனக்குத் தாங்கவில்லை.

அம்மாவுக்கு இருப்பது பிரைமரி பிலியரி கொலஞ்சைடிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரலுக்குள் இருக்கும் மெல்லிய பித்தக் குழாய்களைத் தாக்குகிற நோய். நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களுக்குத்தான் அதிகம். உடம்பில் மிஞ்சுகிற கொலஸ்ட்ரோல் வெளியேற முக்கியமான வழி பித்தம். கான் அடைபட்டால் மலைத்தண்ணீர் பாதைக்கு ஏறுமே, அப்படித்தான் தேங்கிய பித்தத்தின் கொழுப்பு இரத்தத்துக்குத் திரும்புகிறது. சாப்பாட்டைக் குறைத்து மட்டும் அதைச் சரிக்கட்ட முடியாது.

கண்டி கிளினிக்கில் டொக்டர் முதலில் விரல் வைத்தது 318இல் இல்லை. எச்டிஎல் 92 என்ற வரியில். இந்த நோயின் தொடக்கத்தில் நல்ல கொலஸ்ட்ரோலே நன்றாக உயர்ந்து நிற்கும், அதுவும் மொத்தத்தில் சேர்ந்துதான் வரும் என்றார். நோய் முற்றும்போது லிப்போபுரோட்டீன் எக்ஸ் என்ற வேறொரு துகள் சேரும். வழக்கமான பரிசோதனை அதையும் கெட்ட கொலஸ்ட்ரோலான எல்டிஎல் கணக்கிலேயே போட்டுவிடும். ஆனால் சாதாரண எல்டிஎல் போல அது இரத்தக் குழாயில் படிவதாகத் தெரியவில்லை.

அதற்காகச் சும்மா விட்டுவிடலாம் என்றில்லை. சீனி, பிரஷர், புகைப் பழக்கம், குடும்பத்தில் மாரடைப்பு இருந்தால் கணக்கு வேறு. ஈரல் நோய் என்பதற்காகவே கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கூடாது என்றும் இல்லை. டொக்டர் பார்த்துத் தருவார். எதிர்ப்புச் சக்தி ஈரலையே தாக்குகிற இன்னொரு நோயான ஒட்டோஇம்யூன் ஹெபடைடிஸுக்கு பிரெட்னிசலோன் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தாலேயே கொழுப்பும் சீனியும் ஏறலாம். ஒருவர் ரிப்போர்ட்டை வைத்து இன்னொருவர் பத்தியம் இருக்கக் கூடாது.

அம்மாவை உண்மையில் வாட்டியது இந்த நோயால் வந்த அரிப்பு. இராத்திரியானால் உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் பற்றி எரியும். கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். கொழுந்துக் காட்டுப் புல்லால் வந்த ஒவ்வாமை என்றே பல காலம் ஓடிவிட்டது. இமையோரத்து மஞ்சள் தடிப்பை யாரும் கவனிக்கவே இல்லை. அந்தத் தடிப்பு இந்தக் கொழுப்பின் படிவுதான்.

இப்போது அர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம் எடுக்கிறார். அளவு, ஒரு நாளைக்கு எடையில் கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம். பித்தம் வடிய உதவுவதோடு கொலஸ்ட்ரோலையும் கொஞ்சம் இறக்கும். அரிப்புக்கான கொலஸ்டிரமின் தூளை அதோடு சேர்த்துக் குடித்தால் மாத்திரை சரியாக வேலை செய்யாது, நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அப்புறம், ஈரல் மிகவும் நலிந்துவிட்டால் கொலஸ்ட்ரோல் தானாகவே இறங்கும், ஏனென்றால் அதைச் செய்வதே ஈரல்தான். குறைந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டு கிளினிக்கை நிறுத்திவிடாதீர்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.