முந்திரி ஓட்டிலிருந்து வந்துவிட்டால் பசுமையா?

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஓட்டில் இருக்கும் எண்ணெய் லேசுப்பட்டதல்ல. பட்ட இடம் கறுத்துத் தோல் உரியும். என் ஆராய்ச்சி அந்த எண்ணெயில்தான் தொடங்கியது.

அதில் பெரும்பகுதி அனகார்டிக் அமிலம். சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுக் கார்டனாலாக மாறும். ஒரு முனையில் ஃபீனால் என்ற வளையம், அதோடு 15 கார்பன் நீளத்துக்கு ஒரு வால். பெட்ரோலியத்திலிருந்து இதைச் செய்யப் பல படிகள் ஏற வேண்டும். மரம் சும்மா கொடுக்கிறது. உணவுக்கு ஆகாத ஓடு என்பதால் யார் சாப்பாட்டிலும் கை வைத்ததாகவும் ஆகாது.

ஃபீனால் முனையில் ஒரு சர்க்கரையைக் கோத்தால் விளையாட்டு ஆரம்பிக்கிறது. ஜப்பானில் ஜார்ஜ் ஜான், டோஷிமி ஷிமிசு குழுவினர் 2001இல் காட்டிய வழி இது. சூடான கரைப்பானில் கரைத்து ஆறவிட்டால், மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பாலும் வால்களின் நெருக்கத்தாலும் தாமாகவே வரிசையில் நின்று இழையாகின்றன. இழைகள் பின்னிக்கொண்டு கரைப்பானைச் சிறைபிடிக்க, ஜெல். குப்பியைக் கவிழ்த்துப் பார்ப்போம். விழாமல் நின்றால் சரி. பெரிய கருவிகள் எல்லாம் அப்புறம்தான். சூடுபடுத்தினால் மறுபடி திரவம். இந்த வகைப் பலவீனமான பிணைப்புகளை நம்பி ஒரு துறையே வளர்ந்திருக்கிறது. 1987இல் கிராம், லேன், பெடர்சன் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டதற்குத்தான்.

இதுவரை கேட்க அழகாக இருக்கும். ஆய்வகத்தின் மூலையில் நிற்கும் கழிவுக் கேன்களையும் பார்க்க வேண்டும். கார்டனால் ஒற்றைப் பொருளல்ல. வாலில் இரட்டைப் பிணைப்பு இல்லாதது, ஒன்று, இரண்டு, மூன்று உள்ளது என நால்வகைக் கலவை. சர்க்கரை சேர்ந்ததும் சிக்கல் இன்னும் கூடும். பிரிக்க சிலிக்கா காலம் (column, சிலிக்காத் தூள் நிரப்பிய குழாய்) போட்டு, ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பான்களை லிட்டர் கணக்கில் ஊற்றி, கடைசியில் கையில் வருவது சில கிராம். ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்று பார்க்கும் இ-காரணியை ரோஜர் ஷெல்டன் 1992இல் முன்வைத்தார். மருந்துத் துறைக்கு அவர் சொன்னது 25 முதல் 100க்கும் மேல். ஆராய்ச்சிக் கூடங்களின் கணக்கை எடுத்தால் மருந்துக் கம்பெனிகள் உத்தமர்களாகத் தெரிவார்கள். ஆய்வுக் கட்டுரையின் முதல் வரியில் 'புதுப்பிக்கத்தக்க மூலப்பொருள்' என்று எழுதிவிட்டு இதை விட்டுவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

அதனால் மெல்ல மானிட்டாலின் பக்கம் சாய்ந்தேன். சர்க்கரை ஆல்கஹால்தான், இனிப்பிலும் போடுவார்கள். லிப்பேஸ் என்சைமை வைத்துக் கொழுப்பமில வாலை அதில் சேர்க்கலாம். வாலை எந்த இடத்தில் கோக்க வேண்டும் என்று என்சைமுக்குத் தெரியும். வினை முடிந்ததும் என்சைமை வடிகட்டி எடுத்துத் திரும்பப் போடலாம். இப்படிச் செய்த ஜெல்லாக்கிகள், அதாவது ஜெல் உண்டாக்கும் மூலக்கூறுகள், தண்ணீர்மேல் மிதக்கும் டீசலை மட்டும் கெட்டியாக்கும். அள்ளி எடுத்துக் காய்ச்சி வடித்தால் டீசல் தனியே வந்துவிடும், ஜெல்லாக்கியும் மிஞ்சும். எண்ணெய் கொட்டிய கடலில் இறக்கும் அளவுக்கு மலிவாகச் செய்வது வேறு கதை.

இப்போது மாணவர்கள் புது மூலக்கூறை வரைந்து கொண்டுவந்தால், ஜெல்லாகுமா என்று நான் முதலில் கேட்பதில்லை. "இதை எப்படிச் சுத்தம் பண்ணப் போறீங்க?" என்பேன். சிலிக்கா காலம் என்று பதில் வந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.