சனிக்கிழமை அணிநடை

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இராணுவப் பாணியில் பயிற்சி கொடுக்கும் மாணவர் படையணிக்குப் பொறுப்பாசிரியர் என்றால் நிமிர்ந்து நின்று சல்யூட் வாங்குவதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். உண்மையில் ரியூசனோடு மல்லுக்கட்டுவதுதான் வேலை. இன்று காலை 30 பேர் வரவேண்டிய இடத்தில் 11 பேர் நின்றார்கள். ஒருவன் அடி கழன்ற சப்பாத்தை இறப்பர் பட்டியால் கட்டியிருந்தான். எல்லோரும் ஒன்றாகக் காலை ஊன்றிய பிறகு 'டப்' என்று தனியாக ஒரு சத்தம்.

கொழும்பு றோயல் கல்லூரியில் 1881இல் தொடங்கிய மரபு இது. அங்கே பெருமை. யாழ்ப்பாணத்தில் சம்மதக் கடிதத்துக்கே நான்கு முறை படலையைத் தட்டவேண்டும். "சேர், பிள்ளை நிமிர்ந்து நடப்பது நல்லதுதான். ஆனால் இந்த உடுப்பைக் கொடியில் காயப்போட மனம் வரவில்லை" என்றார் ஒரு தாய். சுவரில் அவருடைய தம்பியின் படம், மாலையோடு. தேநீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழும்பினேன்.

அமெரிக்காவில் படிக்கும் மருமகள் சொன்னாள்: அங்கும் 1916ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொடங்கிய இப்படியொரு திட்டத்தைப் பள்ளிக்கூடங்களில் இராணுவம் நடத்துகிறதாம், சேர்ந்தவர்கள் படைக்குப் போகவேண்டிய கட்டாயம் இல்லையாம். இங்கும் இல்லைதான். அதை ஊருக்கு நம்பவைப்பது யார்?

அடுத்த மாதம் ரந்தம்பேயில் படையணியின் பயிற்சி முகாம். அதற்குள் அவனுக்கு ஒரு சப்பாத்து தேடவேண்டும். எட்டாம் அளவு, யாரிடமாவது இருக்கிறதா?