ரத்தப் பை வார்டுக்கு வந்த பிறகு

தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்தசோகை உள்ள பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். அடிக்கடி வந்துபோகும் பிள்ளையை வார்டில் எல்லாத் தாதியருக்கும் தெரியும். எந்தக் கையில் நரம்பு நன்றாகக் கிடைக்கும், அம்மா மதியத்துக்கு என்ன கட்டிக்கொண்டு வருவார் என்பதுவரை தெரியும். அங்கேதான் வினை. முகம் பழகிவிட்டால், பெயரும் எண்ணும் உள்ள கைப்பட்டையை யாரும் படிப்பதில்லை.

பெரிய பிழை பெரும்பாலும் பை வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. கவுண்டரில் உட்கார்ந்து குழாய்களுக்கு முன்கூட்டியே லேபிள் ஒட்டி வைத்துக்கொண்டு, பிறகு படுக்கை படுக்கையாகப் போய் ரத்தம் எடுப்பார்கள். ஒரு குழாய் இடம் மாறினால் போதும், கிராஸ்மேட்ச் என்ற ரத்தப் பொருத்தச் சோதனை வேறு பிள்ளையின் ரத்தத்துக்கு நடக்கும். பழைய பதிவு இருந்தால், ரத்தப் பிரிவு மாறியிருப்பதை ஆய்வகம் கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. முதல்முறை வரும் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. அதற்காகத்தான் தனியாக எடுத்த இரண்டாவது மாதிரி கேட்கிறார்கள். ஒரே குத்தில் இரண்டு குழாய் எடுத்து, ஒன்றில் நேரத்தை மட்டும் மாற்றி எழுதி அனுப்புவதைச் சின்ன சமாளிப்பு என்று நான் சொல்லமாட்டேன். அது பொய்ப் பதிவு.

சிங்கப்பூரில் நம் பிள்ளைகளின் பெயரில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. எஸ்/ஓ (மகன்), டி/ஓ (மகள்) என்பதற்குப் பிறகு வரும் அப்பா பெயர்தான் இரண்டு கவின்களைப் பிரித்துக் காட்டும். லேபிளில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். பிறப்புச் சான்றிதழ் எண்ணைக் கடைசி எழுத்துவரை படிக்க வேண்டும். இரட்டையருக்குப் பிறந்த தேதி உதவாது. கேட்கும் விதமும் முக்கியம். “இது கவின்தானே?” என்றால் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் அம்மா “ஆமா மிஸ்ஸி” என்று தாதியிடம் சொல்லிவிடுவார். “பிள்ளையோட முழுப் பேர் சொல்லுங்கம்மா” என்று கேட்டால் அவரே சொல்லியாக வேண்டும்.

அடுத்தது நேரம். 18 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிலிட்டர் வீதம் 270 மில்லிலிட்டர் ரத்தம். மணிக்குக் கிலோவுக்கு 5 என்ற வேகத்தில், அதாவது மணிக்கு 90 வீதம், மூன்று மணி நேரம் ஆகும். குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்த 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆக, கையில் இருப்பது ஒரே ஒரு மணி நேரம். பையை வரவழைத்துவிட்டு நரம்பு தேட ஆரம்பித்தால் அது அங்கேயே கரைந்துவிடும். பிறகு வேகத்தைக் கூட்டத் தோன்றும். நரம்பில் கேனுலா என்ற சிறு குழாயைப் போட்டு, அது ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பையைக் கேளுங்கள். தாமதமானால் 30 நிமிடத்துக்குள் ரத்த வங்கிக்குத் திருப்ப வேண்டும். வார்டின் மருந்துக் குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது.

ரத்தம் ஓடும் அதே குழாயில் நார்மல் சலைன் என்ற உப்புநீர் தவிர வேறெதுவும் வேண்டாம். டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைநீர் சிவப்பணுக்களை உடைக்கும். ரிங்கர்ஸ் லாக்டேட் திரவத்தில் உள்ள கால்சியம் ரத்தத்தை உறையவைக்கும். உடலில் சேர்ந்த இரும்பை வெளியேற்றும் டெஸ்ஃபெரால் மருந்தையும் கூடவே ஓடவிடக் கூடாது. குழாயில் தேங்கிய மருந்து சலைன் தள்ளும்போது மொத்தமாக உள்ளே போனால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும்.

முதல் 15 நிமிடம் பிள்ளையின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். காய்ச்சல் ஒரு டிகிரி ஏறி 38-ஐத் தொட்டாலோ, முதுகு வலிக்கிறது என்றாலோ உடனே நிறுத்த வேண்டும். பெனடோல் கொடுத்துவிட்டுத் தொடர்வதுதான் வழக்கமான தவறு. பழைய குழாயில் மிச்சமுள்ள ரத்தத்தைச் சலைனால் உள்ளே தள்ளுவது அதைவிட மோசம். புதுக் குழாய் மாட்டிச் சலைன் ஓடவிட்டு, மருத்துவரைக் கூப்பிட்டு, கைப்பட்டையையும் பையையும் மறுபடி ஒப்பிட வேண்டும். பையைக் குப்பையில் போடாதீர்கள், ரத்த வங்கிக்கு அது வேண்டும்.

ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியாவில் கதை தலைகீழ். அவசரப் பிரிவில் பிள்ளையை யாருக்கும் தெரியாது, அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தலையில் அடிபட்டு வந்தால் முதலில் ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர், பிறகுதான் ஸ்கேன். எட்டாம் எண் ஃபேக்டரை ஒரு கிலோ எடைக்கு 1 யூனிட் வீதம் கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 சதவீதம் ஏறும். கடுமையான வகை உள்ள 20 கிலோ பிள்ளையை 100 சதவீதத்துக்குக் கொண்டுவர 1000 யூனிட் தேவை. குப்பியைக் குலுக்காமல் மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும். தசையில் ஊசி, ஐபுப்ரோஃபென் என்ற வலி மருந்து இரண்டும் கூடாது.

லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ள பிள்ளைக்குக் கீமோ காலத்தில் காய்ச்சல் வந்தால், ரத்த எண்ணிக்கை வரட்டும் என்று காத்திருக்காமல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். ஆசனவாய் வழியே வெப்பநிலை பார்ப்பதும் மருந்து வைப்பதும் வேண்டாம்.

சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதி பற்றி ஒன்று. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1965 முதல் தொப்புள்கொடி ரத்தத்தில் அந்தச் சோதனை நடக்கிறது, அதனால் எல்லாருக்கும் முடிவு இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். திருச்சியிலோ சென்னையிலோ பிறந்து பெற்றோரின் வேலை காரணமாக இங்கே வந்த பிள்ளைக்கு அது இருக்காமல் போகலாம். ஜி6பிடி குறைபாடு இருப்பது தெரியாமல், புற்றுநோய்ச் சிகிச்சையில் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் ராஸ்பியூரிகேஸ் மருந்தைக் கொடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து நிலைமை கைமீறும். ரத்தம் ஏற்றிய பிறகு சோதித்தாலும் நம்ப முடியாது. கொடையாளரின் அணுக்கள் சேர்ந்து முடிவைச் சரியானதுபோல் காட்டிவிடும். ஆகவே முதல் பை தொங்குவதற்கு முன்பே ஜி6பிடிக்கு ஒரு குழாய் எடுத்து அனுப்பிவிட வேண்டும்.